ஒரு பக்கம் மட்டும் தெரிந்த சிறுத்தை

ஜனவரி 11, ஞாயிறு

சிறுத்தைகளைக் கணக்கெடுக்கக் கரடிப்பாறை எஸ்டேட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பழைய டிஸ்பென்சரியின் பின்னறையை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. அங்கே அட்டையை ஒட்டி, அதற்கு முன்னால் கொண்டுவந்த புத்தகங்களை அடுக்கிவிட்டேன். குளிர் இனி நாவல்களைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

இன்று ஓடைக்கரையில், அசைவு தெரிந்தால் தானே படமெடுக்கும் முதல் ஜோடிக் கேமராவைக் கட்டினோம். நானும், ஜீப் ஓட்டும் காளிதாஸ் அண்ணனும், எங்களுக்கு இங்கே கிடைத்த தன்னார்வலர் எஸ்தரும். எஸ்தர் மேல் பிரிவில் கொழுந்து எடுப்பவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். தேயிலைக் காட்டில் சிறுத்தை நடக்கும் தடம் எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று எஸ்டேட் ஆபீசில் சேர்த்துவிட்டார்கள்.

“தன்னார்வலர்னா சம்பளம் கிடையாதுதானே மேடம்?”

“கிடையாது. சாப்பாடு உண்டு.”

“சம்பளமே இல்லாத வேலைக்கு இவ்வளவு நீளமா பேரு வச்சிருக்காங்க.”

பாதையின் இரு பக்கமும் எதிரெதிராக எதற்கு இரண்டு கேமரா என்று கேட்டாள். ஒவ்வொரு சிறுத்தைக்கும் புள்ளிகள் வேறுவேறு, அதை வைத்துத்தான் எது எது என்று அடையாளம் காண்கிறோம் என்றேன். ஒரே சிறுத்தைக்கும் வலது விலாவில் இருப்பது இடது விலாவில் இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படம் விழுந்தால்தான் ஒரு முழுச் சிறுத்தை. ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால் அது எங்கள் கணக்கில் பாதிதான்.

கேமராவைக் கட்டியதும் யாராவது அதன் முன்னால் நாலு காலில் போய்க் காட்ட வேண்டும். சிறுத்தையின் உயரத்துக்குப் படம் விழுகிறதா என்று பார்ப்பதற்காக.

“நான் சர்ச்சுலயே முட்டி போட யோசிக்கிறவ,” என்று எஸ்தர் ஒதுங்கிக்கொண்டாள். காளிதாஸ் அண்ணனுக்கு முதுகுவலி. ஆகவே முதுகலைப் பட்டம் பெற்ற நான் ஈர மண்ணில் தவழ்ந்தேன். எஸ்தரின் மகள் ஷைனி, நாலு வயது, கைதட்டிக் குதித்தாள். “அக்கா ஆடு! அக்கா ஆடு!”

“ஆடு இல்லடி, புலி.”

“இல்ல. ஆடுதான்.”

ஜனவரி 18, ஞாயிறு

முதல் மெமரி கார்டுகள். பன்றி, முள்ளம்பன்றி, ஒரு காட்டெருமையின் மூக்கு, சூப்பர்வைசர் ஒருவர் ஒதுங்கி நின்று பீடி பற்றவைப்பது, மறுபடியும் பன்றி.

ஓடைக்கரையில் ஒரு கேமராவைக் காணோம். யானை பிடுங்கிச் சேற்றில் எறிந்திருந்தது. மிச்சமிருந்த கேமராவில் ஒரு பெண் சிறுத்தை, பின்னால் இரண்டு குட்டிகள். இடது பக்கம் மட்டும். “இடது-4” என்று பதிந்தேன். பெயர் வைக்கக் கூடாது என்பது எங்கள் கோயம்புத்தூர் அலுவலகத்தின் விதி. பெயர் வைத்தால் பிறகு அழ வேண்டியிருக்கும் என்று அங்கே சொல்வார்கள்.

“இடது நாலா? ரேஷன் கார்டு நம்பரு மாதிரி இருக்கு,” என்றாள் எஸ்தர். பிறகு லேப்டாப் திரைக்குக் கிட்டே குனிந்தாள். “எவ்வளவு மெலிஞ்சு போயிருக்கா பாருங்க. இன்னும் பால் குடிக்கிற பிள்ளைங்க போல.”

ஷைனி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். விரல் பட்ட இடமெல்லாம் வெல்லம்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று சென்னையில் ஒரு கல்யாணம். பத்திரிகை போன மாதமே வந்துவிட்டது. மாப்பிள்ளை பெயரைப் படித்ததும் உறைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டேன்.

இங்கே பேட்டரி மாற்றும் நாள். காலையிலிருந்து மூட்டம். எஸ்தர் இரண்டு தடவை கேட்டாள், உடம்பு சரியில்லையா மேடம் என்று. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நல்ல பதில். பனியைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

பிரியும்போது தூக்குச் சட்டி ஒன்றைக் கையில் திணித்தாள். மீன் குழம்பு.

ஜனவரி 28, புதன்

தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் பின்னால் காட்டோரம் போகும் பாதையில் சிறுத்தையின் காலடித் தடம். எஸ்தர் கொழுந்து மேட்டில் இருந்தாள். நானும் காளிதாஸ் அண்ணனும் போய் ஒரு ஜோடிக் கேமராவைக் கட்டிவிட்டு வந்தோம்.

தூக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் சாயங்காலம் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டேன். அவள் கணவர் ராஜன் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். “உங்க பேரு என்ன பேரு மேடம், நப்பின்னை? கூப்பிடுறதுக்குள்ள வாய் சுளுக்கிக்குது,” என்றாள். வீட்டில் பின்னி என்பார்கள் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேலை பார்க்கும் இடத்தில் யாருக்கும் சொன்னதில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

எஸ்தரின் நாயை நேற்று சாயங்காலம் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த நாயின் பெயர் டைகர்.

இதைக் கேட்டதும் காளிதாஸ் அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. எஸ்தரின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பின்வாசலில் சங்கிலி கட்டிய கொக்கி மட்டும் இருந்தது. அதற்கு அடுத்த படியில் ஷைனியின் தட்டு. சோறு அப்படியே காய்ந்து கிடந்தது.

“கை கழுவ உள்ள வந்தா. அவ்வளவுதான். அந்த நேரத்துலதான்,” என்றாள் எஸ்தர். அழவில்லை. படியை மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள். “கூண்டு வைக்கச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறோம் மேடம். முதல் கையெழுத்து நான் போடுறேன். கோவிச்சுக்காதீங்க.”

கோபமில்லை என்றேன். கூண்டில் மாட்டும் சிறுத்தையைத் தெரியாத காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அது அங்கே பிழைப்பது பெரும்பாடு. அது தாயாக இருந்தால் இங்கே குட்டிகள் பட்டினி கிடந்து சாகும். இதையெல்லாம் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தட்டு இன்னும் அங்கேயே இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

லைன் வீட்டுப் பாதையின் கார்டுகளை எடுத்தேன். ஒரு கேமராவில் சிறுத்தை மூன்று சாயங்காலம் வந்திருக்கிறது. பெண். வலது பக்கம், தெளிவாக. “வலது-2”. மற்றக் கேமராவில் முதல் இரண்டு நாளுக்குப் பிறகு வெறும் மரப்பட்டை. காலை வெயிலில் மரப்பட்டை, மழைத்தூறலில் மரப்பட்டை, மரப்பட்டையில் ஓர் எறும்பு. யாரோ கேமராவை மரத்தைப் பார்க்கத் திருப்பியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் நேராக எஸ்தர் வீட்டுக்குப் போனேன். துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“கேமராவை யார் திருப்பினது?”

“நான்தான்.”

“எஸ்தர், நீங்களே இப்படிப் பண்ணினா...”

அவள் என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். “காளி அண்ணே, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

அவர் போகும் வரை துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பாதைல விடியக்காலைல யாரு போவாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“யார் போவாங்க?” என்றேன்.

“குழாய்ல தண்ணி நின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கக்கூசுக்குக் கதவு போன மழைலயே போச்சு. லைன்ல இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் எங்க போறோம்னு நெனச்சீங்க, ஜெபக் கூட்டத்துக்கா? ஒரு கேமரா வீட்டுப் பக்கம் பாக்குது, அத விட்டுட்டேன். இன்னொண்ணு புதருப் பக்கம்ல பாக்குது.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்றது? எப்பப் பாத்தாலும் அந்த அண்ணன் உங்ககூடயே நிக்கிறாரு.”

அறைக்கு வந்து, மனிதர்கள் விழுந்த படங்களைத் தனியாகத் திறந்தேன். திருப்பப்படுவதற்கு முந்தைய அந்த இரண்டு காலைகள். கையில் செம்போடு பெண்கள். மூன்று பேரின் முகத்தை எனக்குத் தெரியும். கடைசிப் படத்தில் எஸ்தரின் உள்ளங்கை லென்ஸை நோக்கி வருகிறது. இவையெல்லாம் கோயம்புத்தூருக்குப் போயிருக்கும். அங்கே ஓர் அறை நிறைய மாணவர்கள் உட்கார்ந்து பன்றி, மான், மனிதர் என்று பிரித்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் அழித்தேன். அலுவலகத்துக்கு ஏன் அழித்தேன் என்று எழுதினேன். இந்த டைரியை யாராவது தொட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். அப்படிப்பட்டவள்தான் அந்தக் கேமராவைக் கட்டினேன்.

பிப்ரவரி 7, சனி

கூண்டு வந்துவிட்டது. பச்சை பெயின்ட், உள்ளே கோழிக்குத் தனித் தடுப்பு. பிள்ளைகள் அதற்குள் ஏறி விளையாடுகிறார்கள்.

வனத்துறை ரேஞ்சர் தனபாலன் களைத்த மனிதர். கத்திப் பேசவில்லை. “குட்டியோட இருக்கிற தாய்னா நான் கை வைக்க மாட்டேம்மா. தனியா திரியறதுன்னா எடுத்தாகணும். ஜனங்களுக்கு நான் பதில் சொல்லணும். லைன்ல வர்றதும் ஓடைல குட்டியோட படத்துல விழுந்ததும் ஒண்ணுதானா? திங்கட்கிழமை சொல்லுங்க. உங்க பேச்சை வச்சுத்தான் முடிவு.”

லைன் வீட்டுக்கு வருவதன் வலது பக்கம் என்னிடம் இருக்கிறது. குட்டிகளோடு இருப்பவளின் இடது பக்கம் இருக்கிறது. இரண்டையும் சேர்க்க ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தை யானை எடுத்துக்கொண்டது. இன்னொரு பக்கத்தை நான் ஒரு வார்த்தை கேட்காததால் இழந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நாள் முழுக்க இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வால் நீளம், தோள் உயரம், நடை. ஒன்றாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “அங்க இருக்கிறது நீதான். உனக்கு ஒண்ணுன்னு பட்டா அப்படியே சொல்லிடு. யாரும் கேள்வி கேட்கப் போறதில்லை,” என்றார்கள்.

ஆமாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சொல் போதும், கூண்டு போய்விடும். குட்டிகளை நினைத்துச் சொன்னதாக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம். பிறகு அந்தப் பின்வாசல் படியை எப்படிக் கடப்பேன் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

வேலை முடிந்து எல்லோரும், காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் ஷெட்டில் கூடினார்கள். ரேஞ்சர், எஸ்டேட் மேனேஜர், நாற்பது ஐம்பது பேர். எஸ்தர் ஷைனியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில்.

“சொல்லுங்கம்மா. ரெண்டும் ஒண்ணா?”

“தெரியலை சார்.”

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “என்கிட்ட இருக்கிற படத்தை வச்சுச் சொல்ல முடியாது சார்.”

பின்னாலிருந்து ஒருவர், “கேமராங்கிறாங்க, ஜீப்புங்கிறாங்க, கம்ப்யூட்டருங்கிறாங்க. கடைசில தெரியாதாம்!” என்றார். சிரிப்பு. என் காது சூடாகிவிட்டது.

ரேஞ்சர் தொப்பியைக் கையில் எடுத்தார். “அப்ப இன்னைக்குக் கூண்டைத் திறந்து வச்சிடலாம்.”

“அது எப்படி சார்?” எஸ்தர்தான். “அவங்க இல்லைன்னா சொன்னாங்க? தெரியலைன்னுதானே சொன்னாங்க. நாளைக்கு ஓடைப் பக்கம் ரெண்டு குட்டி செத்துக் கெடந்தா யாரு பாக்குறது?”

“கையெழுத்து போட்டதே நீதானேம்மா?”

“நான்தான் போட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. என் பிள்ளை சாப்பிடுற படி அது. இந்தக் கேமராப் புள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுன்னு பொய் சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லலைல்ல. ஒரு வாரம் பாக்கலாம் சார். அதுவரைக்கும் கூண்டு மூடியே இருக்கட்டும்.” பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள். “அந்த ஒரு வாரத்துக்குள்ள குழாய்ல தண்ணி வரணும், பின்பக்கம் லைட்டு எரியணும், கக்கூசுக்குக் கதவு போடணும். இருட்டுல நாங்க பாதைல போறதுனாலதானே இவ்வளவு பயம்?”

மேனேஜர் ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மேனேஜர்தான் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் எஸ்தர் என்னிடம் விரலை நீட்டினாள். “கேமரா ரெண்டும் கட்டிக்கலாம். ஆனா எங்க இஷ்டப்படிதான் பாக்கும்.”

பிப்ரவரி 10, செவ்வாய்

எஸ்தரின் ஏற்பாடு: புதர்ப் பக்கம் பார்க்கும் கேமராவுக்கு ஷைனியின் பழைய குரங்குக் குல்லா. அந்தப் பாதையில் முதலில் போகும் பெண் குல்லாவை மாட்ட வேண்டும். கடைசியாகத் திரும்பும் பெண் கழற்ற வேண்டும். காளிதாஸ் அண்ணனுக்கு அந்தப் பாதையில் இனி வேலை இல்லை.

இத்தனை வருடமாக உலகம் முழுக்க இந்தக் கேமராக்களைக் கட்டுகிறார்கள். அதற்குக் குல்லா மாட்டலாம் என்று நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

பிப்ரவரி 11, புதன்

பன்றி.

பிப்ரவரி 12, வியாழன்

சிறுத்தை வந்திருக்கிறாள். வீட்டுப் பக்கக் கேமராவில் வலது விலா, பளிச்சென்று. எதிர்க் கேமராவில் கம்பளி நூல். குல்லாவைக் கழற்ற யாரோ மறந்துவிட்டார்கள்.

லைன் முழுக்க விசாரணை. கடைசியாகத் திரும்பியது யார்? நீயா, நானா, உன் அத்தையா? அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு எஸ்தர் ஒப்புக்கொண்டாள். “நான்தான். ஷைனிக்குக் காய்ச்சல். ஓடிவந்துட்டேன்.”

“ஊருக்கெல்லாம் சட்டம் போட்டியேடி!” என்று ஒரு பெண் அவள் முதுகில் அடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அறைக்கு வந்த பிறகுதான் இன்னும் நாலு இரவுதான் மிச்சம் என்று உறைத்தது.

ஷைனிக்கு மருந்து வாங்க ஜீப்பில் வால்பாறை போய்வந்தோம். என் மடியில் படுத்துத் தூங்கினாள். சின்னப் பிள்ளைகளின் உடம்பு காய்ச்சலில் இவ்வளவு கொதிக்கும் என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 14, சனி

ஒன்றும் வரவில்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பின்பக்கம் இரண்டு விளக்கு. கக்கூஸ் கதவு அடுத்த வாரமாம்.

அம்மா போன் செய்தாள். இன்று எடுத்தேன். கல்யாணத்துக்குப் போன சித்தி சொன்னதையெல்லாம் அம்மா சொன்னாள். கேட்டுக்கொண்டேன். பிறகு ஷைனியின் காய்ச்சலைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன் போலிருக்கிறது. “யாருடி ஷைனி?” என்றாள் அம்மா.

பிப்ரவரி 15, ஞாயிறு

எஸ்தர் ஆராதனை முடிந்து, வெள்ளைப் புடவையை மாற்றாமலே வந்துவிட்டாள். இரண்டு கார்டுகளையும் அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து திறந்தோம்.

நேற்று சாயங்காலம், விளக்கெரிந்த கொஞ்ச நேரத்தில். வலது பக்கம். எதிர்க் கேமராவில், அதே நொடியில், இடது பக்கம். முழுச் சிறுத்தை.

பதிவிலிருந்து இடது-4 படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். எனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு, டீ போடுகிறேன் என்று எழுந்துபோனேன். அந்தப் பின்வாசல் அவளுடையது.

பால் பொங்கி வழிந்தது. நான் பார்க்கவில்லை.

“பின்னி.”

அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“இங்க பாரு. தொடைக்கு மேல மூணு புள்ளி வரிசையா. அதுக்குக் கீழ ஒடைஞ்ச வளையல் மாதிரி ஒண்ணு. இதுலயும் இருக்கு, அதுலயும் இருக்கு.” விரலைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. “அவதான்ல?”

“நீயே சொல்லு.”

வெகுநேரம் பார்த்தாள். இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? எழுதிப் பார்க்க மனமில்லை.

“அவளேதான். நாசமாப் போறவ,” என்றாள். “ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கயும் போக்கிடமில்லாம என் வாசல்ல வந்து நிக்கிறா. டைகர வேற தின்னுட்டா.” மூக்கைச் சிந்தி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். “அந்த ரேஞ்சர் நம்பரைப் போடு. நானே சொல்றேன்.”

பிப்ரவரி 17, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று நாலு மணிக்குக் கூண்டு லாரியில் ஏறிப் போனது. பிள்ளைகள் வளைவு வரைக்கும் பின்னால் ஓடினார்கள். ரேஞ்சர் என்னிடம் அறிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எஸ்தரிடம், “பிள்ளைங்களை ஆறு மணிக்கு மேல வெளிய விடாதீங்கம்மா,” என்றார்.

“அத நீங்க சொல்லணுமா சார்?”

எஸ்தர் வீட்டில் டீ குடித்துவிட்டு டிஸ்பென்சரிக்குக் கிளம்பினேன். வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“எங்க கெளம்பிட்ட?”

“பத்து நிமிஷ நடைதானே.”

“அவ இங்கதான் இருக்கா, இருக்கட்டும்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு நீயே தனியா இருட்டுல நடப்பியா? உள்ள வா. ராஜன் ஷிப்டுக்குப் போயாச்சு. பாய் இருக்கு.”

சுடுசோறு, ரசம், முட்டை. ஷைனி இருவருக்கும் நடுவில் படுத்து, என் மேல் ஒரு காலைப் போட்டாள். காலையில் அஞ்சரைக்கு எழுப்புவேன் என்றாள் எஸ்தர். கதவு வரும்வரை நாலைந்து பேர் சேர்ந்து டார்ச்சோடுதான் போக வேண்டும், வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் நிற்கக் கூடாது. சரி என்றேன். பிறந்ததிலிருந்து கதவைத் தாழிடாமல் தலைகூட வாரியதில்லை நான்.

விளக்கை அணைத்ததும் எஸ்தர் எழுந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். வந்து படுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்துபோய் இழுத்துப் பார்த்தாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது தடவை அவள் எழ முயன்றபோது நான் எழுந்துகொண்டேன். இருட்டில் தடவிப்போய், இரும்பை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

“இறுக்கமா இருக்கு,” என்றேன்.

அதற்குப் பிறகுதான் தூங்கினாள்.